கணினிக் கேள்வி பதில்: சப்ஏஜென்ட் ஓடுகிறது, பதில் மட்டும் வரவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தை, அதாவது கணினிகளின் நிலவரத்தை இன்னொரு கணினியிலிருந்து கேட்டுப் பார்க்கும் எஸ்என்எம்பி முறையையும், அதில் விவரம் தரும் சப்ஏஜென்ட் என்கிற துணைப் புரோகிராம்களையும் சுற்றியே இருப்பதால் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் வழக்கம்போலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், 'சிறிய எக்ஸ்', 'பெரிய எக்ஸ்' என்று நான் பிரித்துச் சொல்கிற இடங்களில் கவனமாக இருங்கள், லினக்ஸில் அந்த இரண்டும் வேறு வேறு வேலை செய்யும்.

கேள்வி: ஐயா, நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். சர்வர் அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கண்காணிப்புத் திரைக்கு எஸ்என்எம்பி வழியாகக் கொண்டு வர, நெட்-எஸ்என்எம்பி நூலகத்தை வைத்து சி மொழியில் ஒரு சின்ன சப்ஏஜென்ட் எழுதினேன். கட்டளை வரியில் பெயரைத் தட்டினால் எந்தப் பிழையும் காட்டாமல் பிராம்ப்ட் திரும்பிவிடுகிறது. பிஎஸ் போட்டுப் பார்த்தால் புராசஸ் உயிரோடு இருக்கிறது. ஆனால் விவரங்களைக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பிவாக் கட்டளையைப் போட்டால் வீட்டு மடிக்கணினியில் 'நோ சச் ஆப்ஜெக்ட் அவைலபிள் ஆன் திஸ் ஏஜென்ட்' என்கிறது, தொழிற்சாலையின் டெபியன் சர்வரில் 'நோ மோர் வேரியபிள்ஸ் லெஃப்ட் இன் திஸ் எம்ஐபி வியூ' என்கிறது. புரோகிராமில் எங்கே தப்பு என்று தெரியவில்லை. (வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: தம்பி, விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டு இடத்திலும் வந்த செய்தியை எழுத்துக்கு எழுத்து குறித்து அனுப்பியிருக்கிறீர்கள், மிக்க நன்றி. பலர் 'வேலை செய்யவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்துக்கொண்டு புரோகிராமைக் குடைந்துகொண்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு, என் கணிப்பில் இரண்டுமே உங்கள் புரோகிராமில் இல்லை.

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். எஸ்என்எம்பி கேள்விகள் யுடிபி 161ஆம் போர்ட்டுக்கு வரும், அந்தப் போர்ட்டை ஒரு புராசஸ்தான் பிடித்து வைத்திருக்க முடியும். அப்படியென்றால் உங்கள் வெப்பநிலைப் புரோகிராம், ரூட்டிங் புரோகிராம், இன்னும் நாலு பேர் எப்படிப் பதில் சொல்வது? அதற்காகவே 1991இல் ஆர்எஃப்சி 1227 என்ற இணைய ஆவணத்தில் ஸ்மக்ஸ் முறை வந்தது, ஐபிஎம் தன் பங்குக்கு டிபிஐ என்று ஒன்றைக் கொண்டு வந்தது, கடைசியில் பொதுவான தரமாக ஏஜென்ட்எக்ஸ் 1998இல் வந்து 2000ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 2741 ஆகத் திருத்தப்பட்டது. இப்போது லினக்ஸில் நாம் எல்லாரும் பயன்படுத்துவது அதைத்தான். மாஸ்டர், அதாவது 161ஐப் பிடித்து வைத்திருக்கும் எஸ்என்எம்பிடி, அலுவலக முகப்பில் உட்கார்ந்திருக்கும் கிராணி மாதிரி: வெளியிலிருந்து வருகிற எல்லாக் கடிதத்தையும் அவரே வாங்கி, யாருக்கு அனுமதி உண்டு என்று பார்த்து, எந்தப் பிரிவுக்கு உரியதோ அங்கே அனுப்பிப் பதிலை வாங்கித் தருவார். சப்ஏஜென்ட் உள்ளே இருக்கிற ஒரு பிரிவு. அது வெளியாளிடம் நேரே பேசுவதே இல்லை, கம்யூனிட்டி சொல் (கேட்பவர் காட்டும் கடவுச்சொல் மாதிரி) என்ன, கேட்டவர் யார் என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது.

ஆகவே பிஎஸ் பட்டியலில் உங்கள் புராசஸ் தெரிவது ஒன்றையுமே நிரூபிக்காது. அது மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்ததா, தன் கிளையை (எஸ்என்எம்பி விவரங்கள் எல்லாம் எண்களால் ஆன ஒரு மரம், அதில் தன் பகுதியை) பதிவு செய்ததா, கேட்கிறவருக்கு அந்தக் கிளையைப் பார்க்க உரிமை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்காமல் சொல்லும் ஒரே வழி இதுதான்: சப்ஏஜென்ட்டைப் பின்னணிக்குப் போக விடாமல் கண் முன்னால் ஓட வையுங்கள், அது பேசுவதைப் படியுங்கள், எல்லாம் சரியான பிறகுதான் சர்வீஸ்களைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்க வேண்டும்.

நெட்-எஸ்என்எம்பி-கன்ஃபிக் கருவியின் 'கம்பைல்-சப்ஏஜென்ட்' வசதியால் நீங்கள் அதைக் கட்டியிருந்தால், அதற்கான கட்டளை வரிக் குறிகள் தானாகவே சேர்ந்திருக்கும். சிறிய எஃப் போட்டால் பின்னணிக்குப் போகாது. பெரிய எல் போட்டால் செய்திகள் கணினியின் பொதுப் பதிவேடான சிஸ்லாக்கில் போய் ஒளிந்துகொள்ளாமல் திரைக்கே வரும். இந்த இரண்டும் இல்லாமல் வெறும் பெயரைத் தட்டினால், அது தன்னைப் பிரித்துக்கொண்டு பின்னால் போய்விடும், புகாரையெல்லாம் சிஸ்லாக்கில் எழுதும், உங்களுக்கு அமைதியாக பிராம்ப்ட் திரும்பும். நீங்கள் பார்த்தது அதைத்தான். பெரிய டியையும் அதோடு ஒட்டி 'ஏஜென்ட்எக்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்தால், மாஸ்டரோடு நடக்கிற பேச்சு வார்த்தை முழுவதும் வரி வரியாக வரும். 'டிஆல்' என்று எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள், வெள்ளமாகக் கொட்டும், தேடுவது கிடைக்காது.

இப்போது மடிக்கணினியில் இந்தக் குறிகளோடு ஓட்டினால் பெரும்பாலும் இப்படி ஒரு வரி வரும்: 'வார்னிங்: ஃபெய்ல்ட் டு கனெக்ட் டு தி ஏஜென்ட்எக்ஸ் மாஸ்டர் ஏஜென்ட்', அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்-ஐ-எல் என்று மூன்று எழுத்து. இதைப் பார்த்து முகவரி காலியாக இருப்பதால்தான் இணையவில்லை என்று பலர் குழம்புகிறார்கள். அந்த மூன்று எழுத்துக்குப் பொருள், நீங்கள் எந்த முகவரியும் தரவில்லை, அதனால் வழக்கமான இடத்தையே தட்டிப் பார்த்தேன் என்பதுதான். வழக்கமான இடம் /வார்/ஏஜென்ட்எக்ஸ்/மாஸ்டர் என்கிற யூனிக்ஸ் சாக்கெட், ஒரே கணினியில் இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் ஃபைல் மாதிரியான வாசல். அது இல்லையா, அல்லது இருந்தும் உள்ளே விடவில்லையா என்று அடுத்துப் பார்க்க வேண்டும்.

சாக்கெட்டே இல்லையென்றால், மாஸ்டர் ஏஜென்ட்எக்ஸை ஏற்கவே தயாராக இல்லை. /இடிசி/எஸ்என்எம்பி/எஸ்என்எம்பிடி.கான்ஃப் ஃபைலில் 'மாஸ்டர் ஏஜென்ட்எக்ஸ்' என்று ஒரு வரி இருக்க வேண்டும், அதைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் லாக்கில் 'டர்னிங் ஆன் ஏஜென்ட்எக்ஸ் மாஸ்டர் சப்போர்ட்' என்று வரும். இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியே ஆக வேண்டும். அதே ஃபைலில் 'ஏஜென்ட்எக்ஸ்சாக்கெட்' என்று ஒரு வரி எழுதி முகவரியை மாற்றலாம், ஆனால் அந்த வரி மட்டும் இருந்தால் மாஸ்டர் வேலை தொடங்காது, முகவரி மட்டும்தான் மாறும். கட்டளை வரியில் எஸ்என்எம்பிடிக்குச் சிறிய எக்ஸ் போட்டு முகவரி கொடுத்தாலோ, முகவரியும் மாறும், மாஸ்டர் வேலையும் தொடங்கிவிடும். ஒரே காரியத்தைச் செய்வது போலத் தெரிகிற இரண்டு வழிகள் இப்படி வேறுபடுவது கையேட்டில் ஒரே ஒரு குறிப்பாக இருக்கிறது, அதைக் கவனிக்காமல் பாதி நாளைத் தொலைக்கிறவர்கள் அதிகம். சப்ஏஜென்ட் பக்கத்திலும் சிறிய எக்ஸ் உண்டு, அங்கே அதற்கு 'இந்த முகவரியில் மாஸ்டரைத் தேடு' என்று பொருள். பெரிய எக்ஸ் வேறு: எஸ்என்எம்பிடியையே சப்ஏஜென்ட்டாக ஓட்டுவதற்கான குறி அது, உங்களுக்கு இப்போது வேண்டாம்.

சாக்கெட் இருந்தும் இணையவில்லை என்றால் அனுமதிதான். மாஸ்டர் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயரில் ஓடும் சப்ஏஜென்ட்டைத்தான் வழக்கமாக உள்ளே விடும். டெபியனில் எஸ்என்எம்பிடி தனக்கென்று 'டெபியன்-எஸ்என்எம்பி' என்ற பயனர் பெயரில் ஓடுகிறது, நீங்கள் உங்கள் சொந்தப் பெயரில் சப்ஏஜென்ட்டை ஓட்டினால் கதவு திறக்காது. யூனிக்ஸ் சாக்கெட்டில் இணைய அந்தச் சாக்கெட் ஃபைலில் எழுதும் அனுமதி வேண்டும், அதற்குப் போகும் வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் அனுமதி வேண்டும், இந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். எல்எஸ் கட்டளையால் சாக்கெட்டையும் அதன் ஃபோல்டரையும் தனித்தனியாகப் பாருங்கள். சிஎச்மாட் போட்டுக் கையால் திறந்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் எஸ்என்எம்பிடி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சாக்கெட்டைப் புதிதாக உருவாக்குவதால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய நிலைக்கே வந்துவிடும். எல்லாருக்கும் 777 என்று திறப்பதையோ சொல்லவே வேண்டாம், யார் வேண்டுமானாலும் உங்கள் கண்காணிப்புக்குள் பொய்யான எண்ணை நுழைக்கலாம். கன்ஃபிக் ஃபைலில் 'ஏஜென்ட்எக்ஸ்பெர்ம்ஸ் 0660 0750' என்று எழுதி, அதே வரியில் மாஸ்டரின் பயனர் பெயரையும் ஒரு குழுவின் பெயரையும் சேர்த்து, உங்கள் சப்ஏஜென்ட் ஓடும் பயனரை அந்தக் குழுவில் போட்டுவிடுங்கள். முதல் எண் சாக்கெட்டுக்கு, இரண்டாவது ஃபோல்டருக்கு. இது சரியானதும் சப்ஏஜென்ட் திரையில் 'ஏஜென்ட்எக்ஸ் சப்ஏஜென்ட் கனெக்டெட்' என்று பதிப்பு எண்ணோடு ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்க்காமல் எஸ்என்எம்பிவாக் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் தொழிற்சாலை சர்வர். அங்கே வந்த செய்தியில் 'எம்ஐபி வியூ' என்ற சொல்லே இருக்கிறது பாருங்கள். டெபியனோடு வரும் கன்ஃபிக் ஃபைலில் 'சிஸ்டம்ஒன்லி' என்று ஒரு பார்வை (வியூ, கேட்பவருக்குக் காட்டும் கிளைகளின் பட்டியல்) வரையறுக்கப்பட்டிருக்கும், அதில் 1.3.6.1.2.1.1, 1.3.6.1.2.1.25.1 என்று இரண்டு கிளைகள் மட்டுமே உண்டு, 'பப்ளிக்' கம்யூனிட்டி அந்தப் பார்வைக்குள்தான் அடைக்கப்பட்டிருக்கும். உங்கள் வெப்பநிலை 1.3.6.1.4.1 என்று தொடங்கும் நிறுவனக் கிளையில் இருக்கிறது. அந்தப் பார்வையில் உள்ள எல்லாவற்றையும் தாண்டிய இடம் அது, அதனால்தான் மாஸ்டர் 'இதற்கு மேல் உனக்குக் காட்ட ஒன்றுமில்லை' என்கிறது. மடிக்கணினியில் கம்யூனிட்டிக்குப் பார்வைக் கட்டுப்பாடு இல்லாமல் வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, அங்கே மரம் முழுவதும் தெரிகிறது, ஆனால் உங்கள் கிளை பதிவாகவில்லை, ஆகவே 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில். இந்த வேறுபாட்டை மனதில் வைத்தால் பாதித் தேடல் மிச்சம். சர்வரில் செய்ய வேண்டியது, உங்கள் கிளையைச் சேர்த்து 'வியூ சிஸ்டம்ஒன்லி இன்க்ளூடட்' என்று இன்னொரு வரி. அதைவிட நல்லது, கண்காணிப்புத் திரைக்கென்று தனியாக ஒரு எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்புப் பயனரை உருவாக்கி, அவருக்கு உங்கள் கிளை மட்டும் தெரிகிற மாதிரி தனிப் பார்வை கொடுப்பது. இன்னொன்று, அதே டெபியன் கன்ஃபிக்கில் எஸ்என்எம்பிடி 127.0.0.1இல் மட்டும் கேட்கும்படி அமைந்திருக்கும், வேறு கணினியிலிருந்து கேட்டால் பதிலே வராமல் டைம்அவுட் ஆகும், 'ஏஜென்ட்அட்ரஸ்' வரியையும் பார்த்துவிடுங்கள்.

கிளை எண் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பழகுவதற்கு 1.3.6.1.4.1.8072.9999.9999 என்ற கிளையைப் பயன்படுத்தலாம், நெட்-எஸ்என்எம்பி திட்டம் தன் எண்ணான 8072இன் கீழ் விளையாட்டுத் திடலாக ஒதுக்கி வைத்திருப்பது அது. தொழிற்சாலையில் நிரந்தரமாக ஓடப்போகிறது என்றால் நிறுவனத்தின் பெயரில் இணைய எண்களை ஒதுக்கும் ஐஏஎன்ஏ அமைப்பிடம் சொந்த எண் வாங்கச் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது. இஷ்டத்துக்கு ஒரு எண்ணை எடுத்துக்கொண்டால் அது வேறொரு கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கும், 9 சிஸ்கோவுடையது, 2 ஐபிஎம்முடையது.

இவ்வளவையும் தொழிற்சாலை சர்வரில் சோதிக்கப் பயமாக இருந்தால், பயப்படுவது சரிதான், ரூட் உரிமையே இல்லாமல் உங்கள் பெயரிலேயே இரண்டாவது மாஸ்டர் ஒன்றை ஓட்டலாம். ஒரு ஃபோல்டரில் சோதனை.கான்ஃப் என்று ஃபைல் திறந்து, 'ஆர்ஓகம்யூனிட்டி' என்று எழுதி, நீங்களே வைத்த ஒரு சொல், அதன் பக்கத்தில் 127.0.0.1, இந்த ஒரே வரி போதும். பிறகு எஸ்என்எம்பிடி என்று தட்டி, சிறிய எஃப், அடுத்துப் பெரிய எல்லோடு ஒட்டிய சிறிய ஓ (திரைக்கு எழுது), சிறிய ஆர் (ரூட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை), பெரிய சி (வழக்கமான கன்ஃபிக்கைப் படிக்காதே), சிறிய சி போட்டு சோதனை.கான்ஃப், சிறிய எக்ஸ் போட்டு /டிஎம்பி/ கீழே ஒரு சாக்கெட் பெயர், கடைசியில் 'யுடிபி:127.0.0.1:1161'. 1024க்கு மேலான போர்ட் என்பதால் சாதாரணப் பயனரும் பிடிக்கலாம். நிலைத்த விவரங்களை எழுத முடியவில்லை என்று அது புலம்பினால், 'எஸ்என்எம்பி_பெர்சிஸ்டென்ட்_டிஐஆர்' என்ற சூழல் மாறியில் உங்கள் ஃபோல்டரைக் கொடுங்கள். இன்னொரு டெர்மினலில் சப்ஏஜென்ட்டைச் சிறிய எஃப், பெரிய எல், சிறிய எக்ஸோடு அதே சாக்கெட் பெயர் கொடுத்து ஓட்டுங்கள். மூன்றாவது டெர்மினலில் 127.0.0.1:1161ஐ நோக்கி எஸ்என்எம்பிவாக். இங்கே எண் வந்துவிட்டால் உங்கள் புரோகிராம் சரி, மீதியெல்லாம் சர்வரின் கன்ஃபிக்கில். வரவில்லை என்றால்தான் சி ஃபைலைத் திறக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வெப்பநிலை உணரியை ஒவ்வொரு கேள்விக்கும் நேரே போய்ப் படிக்கிற மாதிரி எழுதியிருந்தால் மாற்றுங்கள். மாஸ்டர் சப்ஏஜென்ட்டின் பதிலுக்கு வழக்கமாக 1 நொடிதான் காத்திருக்கும், 5 முறை திரும்பக் கேட்கும். சீரியல் கம்பியில் தொங்கும் உணரி பதில் சொல்ல இரண்டு மூன்று நொடி எடுத்தால் கண்காணிப்புத் திரையில் சில சமயம் எண் வரும், சில சமயம் வராது, காரணம் தெரியாமல் தலை சுற்றும். 'ஏஜென்ட்எக்ஸ்டைம்அவுட்' வரியில் நேரத்தைக் கூட்டலாம், ஆனால் அது ஒட்டுப்போடுவதுதான். ஒரு டைமர் வைத்து 30 நொடிக்கு ஒருமுறை உணரியைப் படித்து நினைவில் வைத்துக்கொண்டு, கேள்வி வரும்போது நினைவிலிருந்து உடனே சொல்லுங்கள். கடைசியாக எப்போது படித்தது என்பதையும் இன்னொரு எண்ணாகக் காட்டினால் உணரி செத்துப்போனதும் தெரிந்துவிடும். சர்வர் அறை சூடாகும்போது திரையில் பழைய 24 டிகிரியே நின்றுகொண்டிருப்பது ஒன்றுமே காட்டாததைவிட ஆபத்து.

கேள்வி: வணக்கம் ஐயா. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்தில் இரண்டு லினக்ஸ் கணினிகளில், ஒன்று நின்றால் மற்றது அதன் முகவரியை ஏற்றுக்கொள்ள வைக்கும் கீப்அலைவ்டி ஓடுகிறது, எது முதன்மையாக இருக்கிறது என்பதை எஸ்என்எம்பியில் பார்க்கிறோம். சாயங்கால இடி மழையில் மின்சாரம் போய் வந்தாலோ, எஸ்என்எம்பிடியை மட்டும் ரீஸ்டார்ட் செய்தாலோ, அந்த விவரம் மட்டும் காணாமல் போய், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வருகிறது. ஏதாவது கெட்டுப்போய்விட்டதா? (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: கெட்டுப்போகவில்லை அம்மா, அது அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மாஸ்டர் நின்று மறுபடி எழுந்தால் பழைய பதிவுகள் எதுவும் அதற்கு நினைவிருக்காது, ஒவ்வொரு சப்ஏஜென்ட்டும் தானே வந்து மறுபடி சேர வேண்டும். மாஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று சப்ஏஜென்ட் அவ்வப்போது தட்டிப் பார்க்கும், நெட்-எஸ்என்எம்பியில் இதற்கு 'ஏஜென்ட்எக்ஸ்பிங்இன்டர்வல்' என்று பெயர். கீப்அலைவ்டி இதை 2 நிமிடத்துக்கு ஒருமுறைதான் செய்கிறது. காரணம் நியாயமானது: தட்டிப் பார்க்கிற அந்த நேரத்தில் கீப்அலைவ்டி நின்றுபோகக்கூடும், அப்படி நின்றால் மற்றக் கணினி 'இவன் செத்துவிட்டான்' என்று நினைத்து முகவரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். விவரம் இரண்டு நிமிடம் தாமதமாக வருவதைவிட அது பெரிய தொல்லை. ஆகவே அதை விட்டுவிடுங்கள், கண்காணிப்புத் திரையில் எச்சரிக்கை ஒலிக்கும் நேரத்தை 3 நிமிடத்துக்கு மேல் வைத்தால் போதும்.

மின்சாரம் போய் வரும்போது எது முதலில் எழுகிறது என்பதையும் ஒழுங்குபடுத்தலாம். சிஸ்டம்டியில் கீப்அலைவ்டியின் யூனிட்டுக்கு 'ஆஃப்டர்' வரியில் எஸ்என்எம்பிடி சர்வீஸைச் சேருங்கள். 'ரிக்வயர்ஸ்' மட்டும் போடாதீர்கள். கண்காணிப்பு எழவில்லை என்பதற்காக அலுவலகத்தின் இணைய முகவரியைத் தாங்குகிற புரோகிராமும் எழாமல் போகக் கூடாது. கட்டளை வரியில் சிறிய எக்ஸ் போட்டுத்தான் கீப்அலைவ்டியின் சப்ஏஜென்ட்டைத் தொடங்கியிருப்பீர்கள், அதையே கன்ஃபிக்கின் 'குளோபல்_டெஃப்ஸ்' பகுதியில் 'எனேபிள்_எஸ்என்எம்பி_விஆர்ஆர்பி' என்று எழுதி வைத்தால் யார் வந்து சர்வீஸ் ஃபைலை மாற்றினாலும் தொலையாது. சாக்கெட்டை வேறு இடத்தில் வைத்திருந்தால் அதே பகுதியில் 'எஸ்என்எம்பி_சாக்கெட்' வரி.

சொந்தமாக எழுதிய சப்ஏஜென்ட்டை சிஸ்டம்டியில் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, பாயான் லெப்பாஸ் தம்பி உட்பட. யூனிட் ஃபைலில் வகை 'சிம்பிள்' என்று இருந்தால் கட்டளையில் சிறிய எஃப் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் புராசஸ் பின்னால் பிரிந்து போனதும், முதல் புராசஸ் முடிந்துவிட்டது என்று சிஸ்டம்டி கணக்கு முடித்து, பிரிந்து போனதையும் சேர்த்துக் கொன்றுவிடும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் சாகிறது என்று வரும் கடிதங்களில் முதலில் நான் தேடுவது இதைத்தான்.

கேள்வி: ஐயா, கோலாலம்பூரில் ஒரு நிதி நிறுவனத்தில் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பாதுகாப்புப் பிரிவினர் 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டியை எல்லா இடத்திலிருந்தும் நீக்கச் சொன்னார்கள், நீக்கினோம். அன்றிலிருந்து ஹோஸ்ட்எம்ஐபிடி சப்ஏஜென்ட் தொடங்கினாலும் வட்டு, நினைவக விவரங்கள் வருவதில்லை. (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: பாதுகாப்புப் பிரிவு சொன்னது சரி, அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டாம். ஏஐஎக்ஸில் ஹோஸ்ட்எம்ஐபிடி, ஏஐஎக்ஸ்எம்ஐபிடி, எஸ்என்எம்பிஎம்ஐபிடி எல்லாம் ஏஜென்ட்எக்ஸ் வழியாகப் பேசுவதில்லை, முன்பு சொன்ன ஐபிஎம்மின் டிபிஐ வழியாகப் பேசுகின்றன. அங்கே சப்ஏஜென்ட் தொடங்கியதும் மாஸ்டரிடம் எஸ்என்எம்பியிலேயே ஒரு கேள்வி கேட்கும்: 'உன்னோடு டிசிபியில் பேச எந்தப் போர்ட்?' அந்தப் பதில் 1.3.6.1.4.1.2.2.1.1.1.0 என்ற இடத்தில் இருக்கிறது. கேட்பதற்கு அது பயன்படுத்தும் கம்யூனிட்டி, நீங்கள் வேறு சொல்லாவிட்டால், 'பப்ளிக்'. அதை நீக்கிவிட்டீர்கள், கேள்விக்குப் பதில் வரவில்லை, போர்ட் தெரியவில்லை, இணைப்பே நடக்கவில்லை.

உள்ளூர் முகவரிக்கு மட்டும் செல்லும்படி, யாரும் எளிதில் ஊகிக்க முடியாத புதுக் கம்யூனிட்டி ஒன்றை எஸ்என்எம்பிடிவி3.கான்ஃப் ஃபைலில் வையுங்கள், அதற்கான பார்வையில் மேலே சொன்ன எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 'ஸ்டாப்எஸ்ஆர்சி' கட்டளையில் சிறிய எஸ் போட்டு ஹோஸ்ட்எம்ஐபிடியை நிறுத்தி, 'ஸ்டார்ட்எஸ்ஆர்சி' கட்டளையில் சிறிய எஸ் போட்டு அதே பெயர், சிறிய ஏ போட்டு மேற்கோள் குறிக்குள் சிறிய சியும் புதுச் சொல்லும். பதில் வந்துவிட்டால், 'சிஎச்எஸ்எஸ்ஒய்எஸ்' கட்டளையால் அதே குறிகளை நிரந்தரமாக எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை யாரோ வெறும் பெயரைச் சொல்லித் தொடங்குவார்கள், மறுபடி இதே கதை. மற்ற இரண்டு சப்ஏஜென்ட்டுக்கும் இதையே செய்யுங்கள். என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சிறிய டி குறிக்கு எண் கொடுக்க வேண்டும். 8, 16 இரண்டும் டிபிஐ பேச்சுக்கு, 32, 64, 128 உள் விவரங்களுக்கு, வேண்டியதைக் கூட்டிக் கொடுக்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் 56, அதாவது முதல் மூன்றின் கூட்டு. செய்திகள் சிஸ்லாக் வழியாக வருவதால், சிஸ்லாக் கன்ஃபிக்கில் டீமன் பிரிவின் டீபக் செய்திகளுக்கு ஒரு ஃபைல் ஒதுக்கியிருக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, நான் பட்டர்வொர்த்தில் டிப்ளோமா படிக்கிறேன். சப்ஏஜென்ட்டை ஒரு ராஸ்பெரி பையில் ஓட்டி, மாஸ்டரை வேறு கணினியில் வைத்து, டிசிபி 705 வழியாக இணைக்கலாமா? ஹாஸ்டல் வைஃபையில் முயன்றேன், வேலை செய்தது. (மாணவி, பட்டர்வொர்த்)

பதில்: வேலை செய்யும் தங்கச்சி, 705 என்பது ஏஜென்ட்எக்ஸுக்கென்று ஒதுக்கப்பட்ட போர்ட்தான், மாஸ்டரின் கன்ஃபிக்கில் 'மாஸ்டர் ஏஜென்ட்எக்ஸ்' வரியோடு 'ஏஜென்ட்எக்ஸ்சாக்கெட்' வரியில் 'டிசிபி:' என்று முகவரி கொடுத்தால் கேட்கத் தொடங்கிவிடும். ஆனால் ஹாஸ்டல் வைஃபையில் அதைத் திறந்து வைக்காதீர்கள், இன்றே மூடிவிடுங்கள். ஏஜென்ட்எக்ஸில் அடையாளச் சோதனை கிடையாது, மறையாக்கமும் கிடையாது. அந்தப் போர்ட்டை அடைய முடிந்த எவரும் வந்து, 'இந்தக் கிளைக்கு நான்தான் பொறுப்பு' என்று பதிவு செய்யலாம். பதிவுக்கு முன்னுரிமை எண் உண்டு, சும்மா விட்டால் 127, குறைந்த எண் கொடுத்தவர் வெல்வார். உங்கள் சப்ஏஜென்ட் 127இல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் 1 என்று பதிவு செய்தால் கேள்வியெல்லாம் அவரிடம் போகும், உங்கள் பக்கம் ஒரு பிழைச் செய்தியும் வராது.

ராஸ்பெரி பையிலேயே ஒரு எஸ்என்எம்பிடியை நிறுவி, சப்ஏஜென்ட்டை அதோடு யூனிக்ஸ் சாக்கெட்டில் இணைத்துவிடுங்கள், அதற்கு அந்தச் சின்னக் கணினி தாராளமாகப் போதும். கண்காணிப்புக் கணினி அந்த எஸ்என்எம்பிடியை மூன்றாம் பதிப்பில், கடவுச்சொல்லும் மறையாக்கமும் வைத்து நேரே கேட்கட்டும். ஒரே முகவரியில்தான் எல்லாம் தெரிய வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால், மாஸ்டர் கணினியின் கன்ஃபிக்கில் 'பிராக்ஸி' என்ற வரியை எழுதி அந்தக் கிளையை மட்டும் பைக்கு அனுப்பிவிடலாம். இரண்டு கணினிக்கு நடுவில் ஏஜென்ட்எக்ஸேதான் வேண்டும் என்று பாடத்திட்டம் கட்டாயப்படுத்தினால், மாஸ்டரை 127.0.0.1இல் மட்டும் கேட்க வைத்து, பையிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் போட்டு, சப்ஏஜென்ட்டுக்குச் சிறிய எக்ஸ் குறியில் சுரங்கத்தின் இந்தப் பக்க முகவரியைக் கொடுங்கள்.